ஐந்நூறு ரூபாய்

காஞ்சியில் பட்டுத்தறி நெய்து பிழைப்பவர்கள் நாங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, மகளின் படிப்புக்காக வருமானச் சான்றிதழ் வேண்டி ஓர் அலுவலகத்தின் வாயிலில் நின்றோம். ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். எங்களுக்கு முன் வேறொரு காகிதத்துக்காக நின்ற செல்வரிடம் கேட்டதும் அதே தொகைதான். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டுக் காரில் ஏறினார். எங்களுக்கோ சேலையை நெய்து இறக்கினால்தான் கூலி. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தோம். ஏழை என்று சான்று பெறுவதற்காக மேலும் ஏழையானோம்!

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும், கையூட்டுப் பெற்றவரையும் குடவோலைக்கு ஆகாதவர் என அவை விலக்குகின்றன. பெருமைதான். ஆனால், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர் பெயரையே குடத்தில் இட வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. நிலமற்றவன் யாரிடம் கணக்குக் கேட்டிருப்பான்? கேட்க முடியாதவனிடம் கைநீட்டுவது எளிதல்லவா?

இன்று எங்களுக்கு வாக்குரிமை உண்டு. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. ஆயினும் அன்று நாங்கள் வாய் திறக்கவில்லை.

திருப்பலியில் சக்கேயுவின் நற்செய்தியைக் கேட்கும்போதெல்லாம், நான்கு மடங்காய்த் திரும்பப் பெற்றவனின் வீட்டைப் பற்றியே எண்ணுகிறோம். அவன் கடன் தீர்ந்திருக்குமா?

வீடு திரும்பியதும் மகள், "ரசீது தந்தார்களா?" என்று கேட்டாள். பதில் கூறாமல் தறியில் அமர்ந்தோம்.