உடைஞ்ச வைஸ்

நவரை அறுப்பு முடிஞ்சு நெல்லும் போயிடுச்சு. சொர்ணவாரிக்கு நாத்து விட இன்னும் பத்து நாள் இருக்கு. இந்த மாதிரி இடைவெளி கிடைச்சா நான் களத்துமேட்டு கொட்டாயில் உட்கார்ந்து துருப்பிடிச்ச பெஞ்சு வைஸைத் தேய்ச்சிக்கிட்டு இருப்பேன். "விவசாயிக்கு எதுக்குய்யா ஏழு வைஸ்?" என்று ஊரில் கேட்காத ஆள் கிடையாது. இன்றைக்கு அதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்க ஊர் கவரைப்பேட்டைக்கு அந்தாண்ட, ஆரணி ஆத்துப் பக்கம். எங்க நைனா கிணத்துக்கு ஆயில் இன்ஜின் வாங்கின காலத்தில், சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒரு 4 இஞ்சு வைஸையும் வாங்கி சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்தார். இன்ஜின் ரிப்பேருக்கு மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரை பயிர் காத்திருக்காது. அதனால பம்பு சாவி, வாஷர், கிளாண்டு எல்லாத்தையும் அந்த வைஸில் பிடிச்சுத் தானே ராவிச் சரிபண்ணிக்குவார். ஊரில் மண்வெட்டி காம்பு செதுக்கணும், சைக்கிள் பெடல் பின் கழட்டணும் என்றால் எங்க கொட்டாய்க்குத்தான் வருவாங்க.

1994இல் அதை நான் உடைச்சேன்.

கலப்பைக் கொழு ஒன்று வளைஞ்சிருந்தது. வைஸில் பிடிச்சு நிமிர்த்தப் பார்த்தேன். பிடி போதாமல் நழுவிச்சு. கைப்பிடியில் ரெண்டடி ஜி.ஐ. பைப்பை மாட்டி ஒரு இழு இழுத்தேன். "டப்". நகரும் தாடை ரெண்டா பிளந்து காலடியில் விழுந்தது. நைனா வந்து பார்த்தார். திட்டவில்லை. ரெண்டு துண்டையும் பொறுக்கிச் சேர்த்துவெச்சுப் பார்த்துட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.

ஏன் உடைஞ்சது என்பது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது. வைஸ் பெரும்பாலும் பீடு, அதாவது வார்ப்பிரும்பு. அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். விரிச்சு இழுத்தால் வளையாது, சொல்லாமல் உடையும். திருகின் மரை ஒரு சுத்துக்கு 6 மில்லிமீட்டர் நகருது என்று வைங்க. கைப்பிடி நுனி 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அது ஒரு சுத்துக்கு 125 சென்டிமீட்டருக்கு மேல் போகும். கணக்குப்படி கை பலம் 200 மடங்காகணும். உராய்வில் முக்கால் பாகம் போனாலும் மிச்சம் 50 மடங்கு. 20 கிலோ பலம் கொடுத்தால் தாடையில் ஒரு டன். அதுக்குமேல வேணாம் என்றுதான் கைப்பிடியை அந்த நீளத்தோடு நிறுத்தியிருக்கான். நான் பைப்பை மாட்டி அதை மூணு மடங்காக்கினேன்.

நைனா அதை ஒரு வெல்டிங் கடையில் கொடுத்தார். சாதா ராடு வெச்சு ஒட்டிக் கொடுத்தாங்க. பார்க்க நல்லாத்தான் இருந்தது. ரெண்டாம் நாள் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டுப்போச்சு. பீடை அப்படியே சுட்டு ஆறவிட்டால், வெல்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டு நொறுங்கும். அதற்கப்புறம் அடிப்பாகத்தை மட்டும் பெஞ்சிலேயே விட்டுவெச்சார்.

2009இல் கொட்டாயைப் பிரிச்சுக் கட்டினோம். பழைய இரும்பு சாமானோடு அந்தப் பாதி வைஸையும் காயலாங்கடை வண்டியில் நான்தான் போட்டேன். கிலோ கணக்கு. சாயங்காலம் நைனா வந்து பெஞ்சைப் பார்த்துட்டு, "அது எங்கடா?" என்றார். "போட்டுட்டேன் நைனா." கொஞ்ச நேரம் நின்னார். "ஆணி நிமிர்த்த வெச்சிருந்தேன்" என்றார். அவ்வளவுதான். 2013இல் அவர் போயிட்டார்.

ரெண்டு வருஷம் கழிச்சு, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் காயலாங்கடையில் டிராக்டருக்கு ஒரு பின் தேடிப் போனேன். குவியலுக்கு நடுவில் ஒரு வைஸ் தாடையைத் திறந்துக்கிட்டுக் கிடந்தது. அந்தப் பக்கம் சின்னப் பட்டறை மூடினால் சாமான் எல்லாம் இப்படித்தான் வரும். இரும்பு உருக்காலைக்குப் போய்க் கம்பியாகும், பீடு ஃபவுண்டரிக்குப் போகும். ஒரு வாரம் விட்டால் பார்க்க முடியாது. எடை போட்டு வாங்கிட்டு வந்தேன். அதுதான் முதல்.

வாங்கும்போது மூணு பார்ப்பேன். சுத்தியலால் லேசாகத் தட்டினால் "டங்" என்று மணி மாதிரி கேட்கணும். "டப்" என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். திருகை முழுசா வெளியே எடுத்து மரையைப் பார்க்கணும். சதுரமாக இருக்கணும், கத்தி முனையாத் தேய்ஞ்சிருக்கக் கூடாது. தாடையை மூடினால் ரெண்டும் சேர்ந்து உட்காரணும்.

துருவுக்கு நான் பண்றது இது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணி, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை வைஸில் மாட்டணும். பாசிட்டிவை வேண்டாத இரும்புத் தகட்டில் மாட்டி, வைஸைத் தொடாமல் முக்கணும். எவர்சில்வர் தகடு மட்டும் வேண்டாம், அதிலிருந்து விஷமுள்ள குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால வெட்டவெளியில் வைங்க, பக்கத்தில் பீடி பத்தவெக்காதீங்க. ராத்திரி போட்டால் காலையில் துரு கருப்புச் சேறா கழண்டுவரும். பிரஷ் போட்டுக் கழுவி உடனே காயவெச்சு எண்ணெய் பூசணும்.

சேறு போனதும் எழுத்து தெரியும். எனக்கு அதுதான் நேரம். ஒன்றில் "ரெக்கார்ட்" என்று இருந்தது. இங்கிலாந்து ஷெஃபீல்டில் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனி வார்த்தது, நீல பெயின்ட் மிச்சம் இருந்தது. சென்னைக்கு இதெல்லாம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பெரம்பூரில் ரயில்வே பட்டறை 1856இலேயே வந்தாச்சு, பின்னி மில் 1996 வரை ஓடிச்சு. மத்த வைஸ் எல்லாம் நம்ம நாட்டு வார்ப்பு. ஒன்றில் "ஜலந்தர்" என்று மட்டும் படிக்க முடிஞ்சது. அமெரிக்காவில் இதே பைத்தியம் பிடிச்சவங்க நிறைய. சிகாகோவில் 1941இல் தொடங்கின வில்டன் கம்பெனி பழைய வைஸுக்குள்ளே தேதி குத்தியிருப்பான். அது செய்த தேதி இல்லை, 5 வருஷ உத்தரவாதம் முடியும் தேதி. அதை வெச்சு வயசு சொல்லிடுவாங்க.

எங்க நைனாவின் வைஸுக்கு என்ன வயசு, என்ன பேரு என்று எனக்குத் தெரியாது. பக்கவாட்டில் எழுத்து இருந்தது, கிரீஸும் மண்ணும் மூடியிருந்தது. இருபது வருஷம் அதில் வேலை செஞ்சேன், ஒரு நாளும் துடைச்சுப் படிச்சதில்லை. இப்போ ஒவ்வொரு வைஸிலும் எழுத்தைத்தான் முதலில் தேடுறேன். கிடைச்சாலும் அதுதான் இது என்று எப்படிச் சொல்லுவேன்? காயலாங்கடைக்காரர் கேட்பார், "இன்னாண்ணா, எப்பவும் இதையே தேடுற?" சிரிச்சுட்டு வந்துடுவேன்.

போன மாசம் வாங்கின ஏழாவது, தாடை பிளந்தது. தெரிஞ்சேதான் வாங்கினேன். விரிசலை ராவி "வி" மாதிரி பள்ளமாக்கி, ஒரு பெரிய ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் அதை உலையில் நிதானமாச் சுட வெச்சு, கேஸ் நெருப்பில் பித்தளைக் கம்பியை உருக்கி ஓடவிட்டார். பித்தளை ஓடும் சூட்டில் பீடு உருகாது, அதுதான் சங்கதி. பிறகு ஆறணும், ஆனா அவசரமா ஆறக்கூடாது. ரைஸ்மில்லில் இருந்து ஒரு மூட்டை உமிச்சாம்பல் கொண்டுபோயிருந்தேன். அதுக்குள்ளே புதைச்சுவெச்சு மறுநாள் எடுத்தோம். மஞ்சள் கோடு ஒன்று தாடையின் குறுக்கே ஓடுது. பெயின்ட் அடிக்கும்போது அதை மட்டும் மூடாமல் விட்டுட்டேன்.

போன ஞாயிறு தம்பி மகன் வந்தான். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிஃப்ட் முடிஞ்ச கண்ணு. பைக் செயின் கவர் வளைஞ்சதை நிமிர்த்தணும் என்றான். நான் நாத்தங்கால் பார்க்கப் போயிட்டேன். திரும்பி வரும்போது பார்த்தால், கைப்பிடியில் பைப் மாட்டிக்கிட்டு நிக்கிறான்.

"டேய்!" என்று கத்திட்டேன். பையன் பயந்துபோய் பைப்பைக் கீழே போட்டுட்டான். "சாரி பெரியப்பா, தெரியாது" என்றான்.

எனக்கும் அன்னைக்குத் தெரியாதுதான். பக்கத்தில் உட்காரவெச்சு இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான், பாதி தூங்கினான். கிளம்பும்போது அந்த மஞ்சள் கோட்டைத் தடவிப் பார்த்து, "இது யார் உடைச்சது?" என்றான்.

"யாரோ" என்றேன். பிறகு மனசு கேட்கலை. நைனாவின் வைஸ் கதையைச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

உங்க வீட்டுப் பரணில், மாட்டுக்கொட்டாய் மூலையில் பழைய வைஸ் கிடந்தால் கிலோவுக்குப் போடாதீங்க. பக்கவாட்டில் துடைச்சு, என்ன எழுதியிருக்கு என்று ஒரு தடவை படிச்சுடுங்க. உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, என்கிட்டே உமிச்சாம்பல் இருக்கு.

நாத்தங்காலுக்குத் தண்ணி விடணும். கரண்டு வந்திடுச்சு, வர்றேன்.