அதுக்கு என்னா தெரியும்

முண்டியம்பாக்கத்தில் அரவை தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் ரகசியம் தங்காது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த வண்டிகள் எடைமேடைக்கு முறை வரும்வரை வரிசையில் கிடக்கும். மாட்டை அவிழ்த்துக் கட்டித் தோகையைப் போட்டுவிட்டு, வண்டிக்காரர்கள் சித்தப்பாவின் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். காத்துக் கிடப்பவனுக்குப் பேச்சைத் தவிர வேறென்ன வேலை?

நான் கிளாஸ் கழுவுவேன். அது சாக்குதான். இடுப்பில் ஒரு நோட்டு செருகியிருப்பேன்; பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு, உள்ளே ஊர்க்கதை. யார் கரும்பு யார் பெயரில் எடை ஏறுகிறது, எந்த மேஸ்திரி வெட்டாட்களின் முன்பணத்தில் கைவைத்தான், எதிர்வீட்டு அத்தை மாமாவுக்குத் தெரியாமல் கட்டும் சீட்டு எவ்வளவு, எல்லாம் அதில் ஏறும். “மெல்லப் பேசுய்யா, புள்ள நிக்குது” என்பார் ஒருவர். “அட வுடு, அதுக்கு என்னா தெரியும்” என்பார் இன்னொருவர். எழுத ஆசைப்பட்டவளுக்கு அதைவிடப் பெரிய பாஸ் யார் கொடுத்திருக்க முடியும்?

நான் விடாமல் துப்பறிந்தது ஒரு பெரியவரை. சாயங்காலப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு மஞ்சள் பையோடு ஸ்டேஷனுக்கு வருவார். ஏறமாட்டார், யாரையும் கூட்டிப்போகவும் மாட்டார். ஓடிப்போன மகனைத் தேடுகிறார் என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, பழைய காதலி என்று மாற்றினேன். கடைசியில் பின்னாலேயே போய்ப் பார்த்தால், வண்டி நிற்கும் அந்த நிமிஷத்தில் ஜன்னலோரம் கையை நீட்டி, படித்து முடித்த பேப்பரை வாங்கிக்கொண்டிருந்தார். அன்று பெரிய ஏமாற்றம். இன்று யோசித்தால், என் இரண்டு கதையையும்விட அவர் கதைதான் உசத்தி.

எழுத்தாளர் சல்மாவைப் படித்தபோது அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. துவரங்குறிச்சியில், வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைந்த சல்மா, மளிகை சுற்றிவந்த பேப்பரைக்கூட விடாமல் படித்தவர். புகுந்த வீட்டில் கழிவறையில் ஒளிந்து எழுதினார்; தாளை வெளியே கடத்தியது அவர் அம்மா. 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில், பெரியவர்கள் பேசுவதைச் சிறுமி ராபியா கேட்டுக்கொண்டே இருப்பாள். நியூயார்க்கில் லூயிஸ் ஃபிட்ஸ்ஹ்யூ 1964இல் எழுதிய நாவலின் சிறுமி ஹாரியட்டும் நோட்டும் கையுமாக அலைகிறவள்தான், ஆனால் அவள் நோட்டு கூட்டாளிகளிடம் சிக்கிவிடும். என்னுடையது சிக்கவில்லை. வெந்நீர் அடுப்புக்குப் போனது.

எனக்கு வீட்டுச் சிறை இல்லை. பள்ளிக்கும் போனேன், கடைக்கும் போனேன். தாவணி போட்டதும் பேச்சுதான் நின்றது. “பொண்ணு வருது” என்று யாராவது முனகுவார்கள். உடனே மழையைப் பற்றியும் ஆலையின் கட்டிங் ஆர்டரைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையில் என் பெயர் அச்சில் வந்த பிறகு இன்னும் மோசம். “இவ எழுதிடுவா” என்று அத்தையே வாயை மூடிக்கொண்டார்.

2010இல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நெடுஞ்சாலையில் டீக்கடைகள் பெருகிவிட்டன. போன மாதம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில், வார்டில் கிடக்கும் ஒருவரின் நிலத்தைப் பற்றி அண்ணன் தம்பி இருவர் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்தபோது பெரியவன் என்னைப் பார்த்துவிட்டான்.

“மேடம், யாரப் பாக்க வந்தீங்க?”