ரிவால்வரும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டும்

துப்பாக்கியைப் பற்றி எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். குவாலியருக்கு மாற்றலாகி வரும்வரை தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொட்டது கிடையாது. இந்தப் பக்கம் கதையே வேறு. பிண்ட், மொரேனா பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர்கள் சிலர் தோளில் துப்பாக்கியோடுதான் பணம் கட்ட வருவார்கள். அதை உள்ளே கொண்டு வரக்கூடாது என்று சொல்லி வாசலில் நிறுத்துவதே எங்கள் காவலாளிக்குப் பாதி வேலை.

அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 57. கிளையில் எல்லோருக்கும் அவர் ‘ஃபௌஜி’. எங்களிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும், .32 ரிவால்வர் ஒன்றும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை காவலாளிகளை அழைத்துப் போய்ச் சுடச் சொல்லி அறிக்கை தருவார்கள். இந்த முறை வந்த அறிக்கையில் ஃபௌஜி பெயருக்கு எதிரே ஒரு வரி: ரிவால்வரில் தேறவில்லை, குண்டுகள் இலக்குக்குக் கீழே இடது பக்கம் போகின்றன, ஆயுதப் பணிக்குத் தகுதி உண்டா என்று கிளை மேலாளர் கருத்து எழுதவும்.

கிளை மேலாளர் நான்தான். மார்ச் மாதம் வேறு. வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும், எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன் என்பதே உண்மை.

மாலையில் அவரே கேபினுக்கு வந்தார். நான்காக மடித்த ஒரு தாளை மேசையில் விரித்தார். அவர் சுட்ட இலக்குத் தாள். “குரூப் டீக் ஹை சாப், ஜகஹ் கலத் ஹை” என்றார். அதாவது, குண்டுகள் சேர்ந்துதான் விழுந்திருக்கின்றன, இடம்தான் தப்பு. பார்த்தேன். ஐந்து ஓட்டைகளையும் என் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆனால் நடுப்புள்ளியிலிருந்து 15 செ.மீ. கீழே, 9 செ.மீ. இடது.

எனக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. நம் தொழிலில் இது பாலபாடம் இல்லையா? தினமும் வேறு வேறு தொகை உதைத்தால் கவனக்குறைவு. தினமும் ஒரே தொகை உதைத்தால் எங்கோ ஒரு நிலையான தவறு இருக்கிறது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் யாரோ 54ஐ 45 என்று போட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். காசாளரைத் திட்டுவதற்கு முன்னால் வித்தியாசத்தைப் பார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தி இந்தத் தாளைப் பார்க்கும்வரை வரவில்லை.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முந்தைய இரண்டு வருட அறிக்கைகளிலும் அதே வரி: கீழே, இடது. ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று ஒரு கையெழுத்து. ஒன்று எனக்கு முன்னால் இருந்தவருடையது. இன்னொன்று... என்னுடையது :-(

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ரிவால்வரில் குறிபார்க்கும் அமைப்பு திருகித் திருத்துகிற மாதிரி இல்லை. முன்னால் குழல் முனையில் ஒரு சின்னத் தகடு, ஃபௌஜி பாஷையில் ஃபோர்சைட். பின்னால் ஒரு வெட்டு. வெட்டின் நடுவில் தகட்டை நிறுத்தி, இரண்டின் தலையையும் சமமாக வைத்துச் சுட வேண்டும். குண்டு வேறு இடத்துக்குப் போனால் இரண்டே வழி. ஒன்று, அந்த அளவு தள்ளிக் குறிபார்ப்பது. இன்னொன்று, அரத்தை எடுத்து உலோகத்தைத் தேய்ப்பது.

தகட்டைத் தேய்த்துக் குட்டையாக்கினால், பழையபடி வெட்டோடு சமமாக நிறுத்த குழல் முனையை மேலே தூக்க வேண்டும். குண்டும் மேலே போகும். ஆகவே குண்டு கீழே விழுந்தால் தேய்த்துச் சரி செய்யலாம். மேலே போனால் கஷ்டம், உலோகம் வைத்து உயர்த்த வேண்டும். இன்னொரு சங்கதியும் கேட்டு அசந்து போனேன். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உதைப்பில் முனை மேலே எழும்பத் தொடங்கிவிடுமாம். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் கிட்டத்தில் சற்று மேலே படும். எனவே எந்தத் தோட்டாவை வழக்கமாகப் போடுகிறோமோ அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் 15 செ.மீ.க்குத் தேய்த்துவிட வேண்டியதுதானே? நானும் அதைத்தான் கேட்டேன். பிராந்திய அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி, முன்னாள் ராணுவ மேஜர், போனிலேயே தடுத்தார். “முதலில் அந்த 15 யாருடையது என்று பாருங்கள்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி வாங்கி, சுடுதளத்துக்குப் போனோம். அங்கிருந்த பயிற்சியாளர் முதலில் குழல் பூட்டும் கொக்கி ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. பிறகு அதே ரிவால்வர், அதே தோட்டா, 10 மீட்டர் தூரம். மணல் மூட்டையில் கையை ஊன்றி மெதுவாக ஆறு குண்டு சுட்டார். எட்டு செ.மீ. கீழே. இடது பக்கம் வெறும் ஒரு செ.மீ.

ஃபௌஜி முகத்தில் சிரிப்பு. துப்பாக்கியில் கோளாறு என்று நிரூபணம் ஆகிவிட்டதே! ஆனால் கணக்கு முடியவில்லை. மீதி 7 செ.மீ. கீழ், 8 செ.மீ. இடது யாருடையது?

பயிற்சியாளர் திரும்பி நின்று, ஆறு அறைகளில் நான்கில் தோட்டாவும் இரண்டில் வெற்றுக் கூடும் போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது வெற்றுக் கூடு. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை இடப்பக்கமாகக் கீழே குனிந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். உதைப்பை எதிர்பார்த்து கை முன்கூட்டியே அழுத்துகிறது. வலக்கைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் கீழே இடது பக்கம்தான் போகுமாம்.

ஃபௌஜி ஒன்றும் பேசவில்லை. ரிவால்வரைத் திறந்து, காலி செய்து, மேசையில் வைத்துவிட்டு, தூரப் போய் நின்றுகொண்டார். வாழ்நாளெல்லாம் துப்பாக்கி பிடித்த மனுஷன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள். 15க்கும் சேர்த்துத் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்குத் தாளில் எல்லாம் நடுவில் விழுந்திருக்கும். ட்ரயல் பேலன்ஸ் உதைக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்குவோமே, அந்த மாதிரி. கூட்டல் சரி, தவறு அப்படியே உள்ளே. நாளைக்கு அவர் கை திருந்தினால் குண்டு 7 செ.மீ. மேலே போகும். அவர் விடுப்பில் போய் வேறு காவலாளி எடுத்தாலும் மேலே போகும். சஸ்பென்ஸ் என்ட்ரியையாவது ரிவர்ஸ் பண்ணலாம். தேய்த்த இரும்பை ஒட்ட முடியுமா?

இனி நமக்குப் பிடித்த பாகம், கணக்கு :-) வெட்டுக்கும் தகட்டுக்கும் இடையே அளந்தோம், 125 மி.மீ. பிழை 80 மி.மீ. தூரம் 10,000 மி.மீ. 80ஐ 125ஆல் பெருக்கி 10,000ஆல் வகுத்தால் 1 மி.மீ. அவ்வளவுதான் குறைக்க வேண்டியது. எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, உரிமம் உள்ள துப்பாக்கி மிஸ்திரி ஒருவரையே சுடுதளத்துக்கு வரவழைத்தோம். (ஆயுதச் சட்டம், 1959ன்படி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். வீட்டில் அரம் இருக்கிறதென்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

பெரியவர் ஒரேயடியாக ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை. அரை மி.மீ. தேய்த்தார், வெர்னியரில் பார்த்தார், பயிற்சியாளரைச் சுடச் சொன்னார். நான்கு செ.மீ. கீழே. கணக்கு சொன்னபடியே. இன்னும் 0.3. இப்போது ஒன்றரை செ.மீ. கீழே. அத்தோடு அரத்தைப் பைக்குள் போட்டுவிட்டார். “மிச்சத்தையும் எடுத்துவிடலாமே” என்றேன். எடுக்க எப்போதும் முடியும், வைக்க முடியாது என்றார். தேய்த்த இடம் வெயிலில் மின்னாமல் இருக்கக் கறுப்பு ஏற்றிக் கொடுத்தார். இடது பக்கத்து ஒரு செ.மீ.யை யாரும் தொடவில்லை.

துப்பாக்கியின் பங்கு தீர்ந்தது. கையின் பங்கு? அடுத்த ஆறு வாரம், கிளை திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபௌஜிக்கு ஒரு காலி அறை கொடுத்தேன். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கும். அறைகள் காலி என்று அவர் ஒருமுறை, நான் ஒருமுறை பார்ப்போம். வெற்றுக் கூடுகளைப் போட்டுச் சுவரைப் பார்த்து விசையை இழுப்பார். முனையில் ஒரு ஐம்பது பைசா நாணயம். முதல் வாரம் நாணயம் விழும் சத்தம் என் கேபின் வரை கேட்கும். பிறகு குறைந்தது. ஒருநாள் கேட்கவே இல்லை.

மறுபடி சுட்டபோது ஐந்தும் நடுவிலிருந்து மூன்று செ.மீ.க்குள். ‘ஆயுதம் திருத்தப்பட்டது, காவலர் தகுதியுடையவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனாலும் ராத்திரி படுக்கும்போது ஒன்று உறுத்துகிறது. மூன்று வருடம் அந்த ரிவால்வர் அப்படியே எங்கள் கேஷ் கவுன்டர் பக்கத்தில் இருந்திருக்கிறது. நிஜமாகவே ஒருநாள் சுட வேண்டி வந்திருந்தால், கூட்டமான ஹாலில் பத்து மீட்டருக்கு 15 செ.மீ. தள்ளி. அங்கே யார் நின்றிருப்பார்கள்? ஃபௌஜியின் பங்கு 7, துப்பாக்கியின் பங்கு 8 என்று பிரித்தாயிற்று. ‘பார்த்தேன்’ என்று எழுதியவன் பங்கை எந்தத் தலைப்பில் போடுவது?

ஃபௌஜியிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அந்த நாணயத்தை என் மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.