மணிக்கயிறு போன வழி

இடது பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். அவர்கள் விலகியதும் சாவியைத் திருப்பினால் பழையபடி ஓடும். மைசூர்ப் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் சவாரி விடுகிறவர் இந்தப் புகாரோடுதான் தன் பான்டூன் படகை லாரியில் ஏற்றிப் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு அனுப்பினார். நீர்த்தேக்கத்திலேயே எஞ்சினைப் பிரித்து, பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. குறை கிடைக்கவில்லை. எப்படியும் தளத்துப் பலகை நீர் ஊறி மக்கியிருந்தது. அதைப் புதிதாகப் போட்டுத் தருவதுதான் எங்களுக்கு வந்த வேலை.

மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறை எங்களுடையது. பான்டூன் படகின் உடம்பு எளிமையானது. இரண்டு நீண்ட அலுமினிய உருளைகள், அவற்றின் குறுக்கே அலுமினியச் சட்டங்கள், சட்டங்களின் மேல் பிளைவுட். பின்னால் யமஹா அவுட்போர்டு. முன்னால் வலப்பக்கம் ஸ்டீயரிங்கும் கியர் லீவரும். இந்த இரண்டு முனைக்கும் இடையே ஓடுகிற ஒயர்கள் தளத்துக்கு அடியில் மறைந்திருந்தன.

இடப்பக்கப் பலகையைப் பெயர்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. முன்பு எப்போதோ தளம் போட்டவர் அடித்த திருகு ஒன்று பலகையைத் தாண்டி இறங்கி ஒயர்க்கட்டின் மேலுறையைக் கிழித்திருந்தது. உள்ளே சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பழுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் பத்திரமாக இருந்தன. வெள்ளை மட்டும் தோலுரிந்து, பக்கத்துச் சட்டத்தை உரசினாற்போல் கிடந்தது. செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. இந்த வகை அவுட்போர்டுகளில் வெள்ளை ஒயர்தான் எஞ்சினை நிறுத்துவது. அது கறுப்போடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்தால் பொறி நின்றுவிடும். சாவியை அணைக்கும்போது நடப்பதும் இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் எஞ்சின் வழியாகப் படகின் சட்டங்கள்வரை பரவியிருந்ததால், நாலு பேர் எடையில் பலகை வளைந்து ஒயரைச் சட்டத்தில் அழுத்தியபோதெல்லாம், யாரும் தொடாமலே எஞ்சினுக்கு ‘நில்’ என்ற உத்தரவு போயிருக்கிறது.

பழுதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அந்த ஒயர்க்கட்டு என்னை விடவில்லை. ஓட்டுகிறவர் ஏன் எஞ்சினைவிட்டு இவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்? ஒயர் வருவதற்கு முன் அவருக்கும் எஞ்சினுக்கும் இடையே என்ன இருந்தது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மதராஸ் சாப்பர்ஸ் என்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்தவர். 1780-இல் தொடங்கிய படை அது. அதன் மையம் இங்கே அல்சூர் ஏரிக்கரையில்தான். படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே தளம் போட்டு, வண்டிகளை ஆற்றைக் கடத்தும் வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. “ஐயா, உங்க மிதவையில எஞ்சின் ஒயர் எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டேன். “ஒயரா? எஞ்சினைப் பிடிச்சவன் பின்னாடி உட்கார்ந்திருப்பான் தம்பி. முன்னாடி நிக்கிறவர் கையைத் தூக்கினா வேகம், இறக்கினா மெதுவு. கைதான்” என்றார். கையைத் தூக்கியும் இறக்கியும் காட்டிவிட்டு, மழையில் அந்தக் கை தெரியாமல் போகிற கஷ்டத்தையும் சொன்னார்.

கை தெரியாத இடத்தில் என்ன செய்தார்கள் என்ற கேள்வி என்னை ஆலப்புழைக்குக் கொண்டுபோனது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-இல் உருவானது. அதன் பழைய மரப்படகில் ஏறிப் பார்த்தால் பதில் தலைக்கு மேலேயே தொங்குகிறது. முன்னால் சுக்கானைப் பிடிப்பவர் ஸ்ராங்கு. எஞ்சின் படகின் நடுவே ஒரு பள்ளத்தில். அதன் பக்கத்தில் டிரைவர். ஸ்ராங்குக்கு எஞ்சின் எட்டாது. டிரைவருக்குத் தண்ணீர் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு மணி. படகுத்துறை நெருங்கும்போது ஸ்ராங்கு கயிற்றைச் சுண்டுகிறார். மணியடித்த கணக்கைக் கேட்டு டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார், கியரை விடுவிக்கிறார், பின்னோக்கிப் போடுகிறார். நான் ஏறிய படகில் அந்தக் கயிறு கூரையை ஒட்டி, சிறு வளையங்கள் வழியாக, பயணிகள் தலைக்கு மேல் ஓடியது. வளையத்தில் தேய்ந்த ஓரிடத்தில் நீலநிற நைலான் துண்டை ஒட்டுப்போட்டிருந்தார்கள். எங்கே தேய்கிறது என்று ஏறுகிற எவருக்கும் தெரியும். ஸ்டூல்கூட வேண்டாம், கையை உயர்த்தினால் முடிச்சுப் போட்டுவிடலாம். ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி எப்படிப் போக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

பெங்களூரிலேயே இந்த மணிக்கு ஓர் அண்ணன் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது கட்டலினா என்ற பறக்கும் படகுகள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கின. 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவற்றுக்குப் பழுது பார்த்தார்கள். அந்த விமானத்தில் இறக்கையைத் தாங்கும் தூணுக்குள் எஞ்சின்காரருக்கு இருக்கை. கீழே முன்னால் இருக்கிற விமானி பேச்சால் மட்டும் உத்தரவிடவில்லை. ஸ்டீயரிங்கில் பொருத்திய சிறு விளக்குப் பலகையில் பொத்தானை அழுத்துவார், மேலே இருப்பவருக்கு விளக்கு எரியும். ஆலப்புழையின் மணி அங்கே விளக்காகியிருந்தது. விமானிக்கு எட்டிய திராட்டில்கூட அவர் தலைக்கு மேல்தான் இருந்தது, எஞ்சின்கள் இறக்கையில் இருந்ததால்.

ஆளுக்குப் பதில் கம்பி வந்த கதை இதற்கும் முன்பே தொடங்குகிறது. 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் உறைக்குள் ஓடும் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் சைக்கிள் பிரேக்கில் இருப்பது அதன் வழிவந்தது. வளைந்து வளைந்து போனாலும் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேரும் என்பதே அதன் பெருமை. 1909-இல் ஓலே எவின்ரூட் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடி மோட்டாரிலேயே, ஆள் பின்னாலேயே. 1950-களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆம்புரோஸ் வீரஸ் எஃகுப் பீப்பாய்களை இரு வரிசையாகப் பற்றவைத்து மேலே மரத்தளம் போட்டார். இன்றைய பான்டூன் படகுக்கு மூலம் அது. தளம் விரிந்தது, நாற்காலி வந்தது, ஓட்டுகிறவர் முன்னால் நகர்ந்தார். டிரைவர் என்ற ஆள் படகிலிருந்து இறங்கிப் போய்விட்டார். அவருக்கு அடித்த மணிகள்தான் இப்போது தளத்துக்கு அடியில் ஓடுகின்றன. பழுப்பு ஒயர் ‘கிளம்பு’ என்கிறது, வெள்ளை ‘நில்’ என்கிறது, இளஞ்சிவப்பு ‘சூடாகிவிட்டேன்’ என்று திரும்பச் சொல்கிறது, இரண்டு தடித்த கேபிள்களில் ஒன்று கியர், ஒன்று வேகம். டிரைவர் இருந்தவரை தப்பான மணியைக் கேட்டால் அவர் ஒரு கணம் யோசித்திருப்பார். ஒயர் யோசிக்காது. அதனால்தான் அது போகிற வழியில் நாம் அவ்வளவு கவனம் வைக்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வந்த படகில் ஒயர்க்கட்டின் வழியை நான் வலப்பக்க ஓரத்துக்கு மாற்றினேன். நடக்கிறவர் கால் படாத, இருக்கைகளுக்கு அடியிலுள்ள இடம். அங்கே பலகைத் திருகு ஒன்றுகூட இறங்காதபடி முதலில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டுத்தான் பட்டறைத் தம்பியை டிரில் எடுக்கச் சொன்னேன். “இங்க அடிக்காதேன்னா எதுல அண்ணா பலகை நிக்கும்?” என்றான். அடுத்த சட்டத்தில் இரட்டைத் திருகு வைத்தோம். ஒயர்க்கட்டு அலுமினியத்தைக் கடக்கிற துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப். கியர், வேகக் கேபிள்களை 8 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வளைத்தால் லீவர் கனக்கும், உறைக்குள் கம்பி தேயும். புதிய வழி நீளமாக இருந்ததால் பழைய கேபிள்களை இழுத்துப் பிடித்துப் பொருத்தாமல் நீளம் கூடியவை வாங்கினோம். ஒயர்க்கட்டை வெட்டி ஒட்டவில்லை. இரு முனையிலும் பிளக் உள்ள நீட்டிப்பு கொச்சியிலிருந்து வந்தது. மோட்டார் திரும்பவும் மேலே தூக்கவும் பின்முனையில் ஒரு தளர்ந்த வளையம் விட்டோம். பெட்ரோல் குழாய் இவற்றோடு சேராமல் எதிர்ப்பக்கம் போனது. பலகை ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். தாமிரம் கலந்த மருந்தேற்றிய பலகை ஈரத்தோடு அலுமினியத்தில் பட்டால் உலோகத்தை அரிக்கும் என்பதால் சட்டங்களின் மேல் ரப்பர் பட்டை ஒட்டினோம்.

முடிவில் உரிமையாளரோடு ஒரு வாக்குவாதம். தளம் முழுக்க ஒரே வினைல் விரிப்பு வேண்டும், கோடே தெரியக் கூடாது என்றார். வலப்பக்க ஓரத்தில் ஒயர் வழிக்கு மேலே ஓரடி அகலப் பலகையைத் தனியாக, நாலு திருகில் கழற்றும்படி விட்டிருந்தேன். அதன்மேலும் விரிப்பை ஒட்டச் சொன்னார். நான் மறுத்தேன். ஆலப்புழைக் கயிற்றின் நீல ஒட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பலகைக்கு மட்டும் தனித் துண்டாக விரிப்பு ஒட்டினால் போதும் என்று ஒப்புக்கொண்டார். கழற்றுகிற திருப்புளியை எங்கே வைப்பது என்றும் கேட்டார். ஸ்டீயரிங் பெட்டிக்குள் ஒரு கிளிப் அடித்து மாட்டினோம்.