விடிய ஆறு மணி ஐஸ்

ரொறன்ரோவில் பிள்ளைகளின் ஹொக்கிக் கழகத்துக்கு அட்டவணை போடுகிற தொண்டர் நான். எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு ஐஸ் நேரம்தான். அரீனாவை ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தால் ஆடக் கிடைப்பது ஏறக்குறைய ஐம்பது நிமிடம். மிச்ச நேரத்தில் சம்போனி வண்டி 200 அடி நீளத் தளத்தைச் சீவித் தண்ணீர் விடும். சனிக்கிழமை காலை பத்து மணி எல்லாருக்கும் வேண்டும். விடிய ஆறு மணியை ஒருவரும் கேட்பதில்லை.

நல்ல நேரங்களை முதலில் நிரப்பிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த முறை சரிவராது. கெட்ட நேரங்களைத் தனித்தாளில் எழுதி, ஒரே அணிக்கு அடுத்தடுத்த கிழமைகளில் விழாதபடி அவற்றைத்தான் முதலில் வைப்பேன். மிகச் சிறிய பிள்ளைகள் அரைத்தளத்தில் ஆடுவதால், ஒரே விடிகாலை நேரத்துக்குள் இரண்டு ஆட்டங்கள் அடங்கும். அவர்கள் எப்படியும் விடிய எழும்பிவிடுவார்கள் (தகப்பன்மாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்). கழகத் தலைவரின் பிள்ளை ஆடும் அணிக்கும் ஆறு மணி விழுந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்பேன். பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான்.

பிறகு ஆட்டத்தாள். முன்பு கார்பன் நகல், இப்போது டேப்லெட். பிள்ளைகள் கோல் கணக்கைப் பார்ப்பார்கள், என் கண் தண்டனைப் பகுதிக்குப் போகும். இரண்டு நிமிடத் தண்டனை அன்றோடு முடிந்துவிடும். ஆட்டத்தடை அப்படியல்ல. தடையிலிருக்கும் பிள்ளையின் பெயர் அடுத்த தாளில் ஏறினால், வென்ற ஆட்டமும் கைவிட்டுப் போகலாம்.

இந்தக் கணக்கு வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1911இல் ஃபிராங்க் ஸ்மித் என்ற பதினேழு வயதுப் பையன் ரொறன்ரோவின் பீச்சஸ் பகுதியில் ஒரு லீக் தொடங்கினான். இன்றைய கிரேட்டர் ரொறன்ரோ ஹொக்கி லீக் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஸ்மித் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்தது செயலாளர்-பொருளாளர் நாற்காலி. 1962இல் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தலைவர்கள் மாறலாம், லீக் தாங்கும். யாருடைய தடை எத்தனை ஆட்டம், எந்த அரீனாவுக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்தவர் வருடாவருடம் மாறினால் தாங்காது என்பது என் எண்ணம்.

எங்கள் ஆண்டுக் கூட்டத்திலும் தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். அட்டவணைக்கு ஆள் கேட்டால் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். அதனால் கூட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். தங்கள் அணிக்கு எத்தனை ஆறு மணி, பக்கத்து அணிக்கு எத்தனை என்று எண்ணி, கோபமாக மின்னஞ்சல் அனுப்புகிற தாய் தகப்பனைத்தான் இப்போது தேடிப் பிடிக்கிறேன். எண்ணிப் பார்க்கிற பொறுமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.