அத்தைக்கு, சிந்துபால்சோக்கிலிருந்து

சிந்துபால்சோக், நேபாளம்
டிசம்பர் 2017

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நல வாரிய அட்டையைப் புதுப்பித்தீர்களா? அந்த அலுவலகத்து வரிசைக்குப் பயந்து நாளை, நாளை என்று தள்ளிப் போடாதீர்கள்.

கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லை, அப்புறம் காட்மாண்டுவுக்கு பஸ். ‘மருமகள் வெளிநாடு போகிறாள்’ என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். இங்கே வர நமக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். வாக்காளர் அட்டையே போதும். நம் நூறு ரூபாய்க்கு இவர்கள் பணம் 160. கடிகாரத்தை மட்டும் கால் மணி நேரம் முன்னால் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் கட்ட உதவுவதற்காகக் கல்லூரியிலிருந்து வந்த நாங்கள் இருப்பது ஒரு மலைக் கிராமம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நாடு முழுக்க சுமார் 9,000 பேர் செத்துப்போனார்களே, அதில் 3,000 பேருக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்தில்தான். அதிலிருந்து எழுவதற்குள் மே 12-ஆம் தேதி இன்னொரு பெரிய அதிர்வு. முதல் அதிர்வு வந்தது சனிக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தபோது உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. இதைச் சொல்லும்போது இங்கே யாரும் சாமியைக் கும்பிடாமல் அடுத்த வார்த்தைக்குப் போவதில்லை.

அன்றிலிருந்து வகுப்பு தகரக் கொட்டகையில் நடக்கிறது. விடியற்காலையில் தகரத்தின் உட்பக்கம் வேர்த்து, பிள்ளைகளின் நோட்டில் சொட்டுகிறது. அதற்குப் பக்கத்து மேட்டில்தான் புதுக் கட்டடம் எழும்புகிறது.

சிவில் படிக்கிற பெண், கட்டடம் கட்டப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் பார்ப்பது சித்தாள் வேலை. லாரி கீழே ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலும் சிமெண்டும் ஆள் முதுகில்தான் மேலே ஏற வேண்டும். உங்களுக்குச் சும்மாடு, இவர்களுக்கு நாம்லோ. அது ஒரு பட்டை. முதுகில் இருக்கும் மூங்கில் கூடையின் அடியில் கொடுத்து மேலே இழுத்து நெற்றியில் மாட்டிக்கொள்வார்கள். பாரம் முழுக்க நெற்றியிலும் கழுத்திலும் இறங்கும். குனிந்தே நடக்க வேண்டும், தலையைத் திருப்ப முடியாது. அறுபது வயதுப் பாட்டிகள் அதைச் சுமந்தபடி பேசிக்கொண்டே ஏறிப் போகிறார்கள். பாதி வழியில் டீக்கடை வைத்திருப்பவர் சென்னையில் ஹோட்டல் வேலை பார்த்தவராம். எங்களைக் கண்டால் ‘சாப்ட்டியா?’ என்பார். அவருக்கு மிச்சமிருக்கும் தமிழ் அவ்வளவுதான்.

கல்லூரியில் பேனர் கட்டி வழியனுப்பினார்கள் இல்லையா, எனக்கு அது அப்போதே உறுத்தியது. எங்கள் ரயில் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் இவர்களுக்கே அனுப்பியிருந்தால் கொத்தனார் வைத்து முடித்திருப்பார்களே என்று. தலைமை ஆசிரியரிடம் கேட்டே விட்டேன். ‘பணம் ஒரு பக்கம் இருக்கட்டும் பெண்ணே, ஆள் எங்கே?’ என்றார். ஆண்கள் கத்தாரில், மலேசியாவில், சவூதியில். ஊரான் ஊரில் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மூட்டை தூக்கும்போது யோசிக்க நேரம் இருப்பதில்லை.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. அத்தை, இங்கே கொத்தனார் ஒரு பெண்.

உங்களைவிடச் சின்ன வயசு. தீதி என்றுதான் கூப்பிடுகிறோம், அக்கா மாதிரி. புருஷன் கத்தாரில். நிலநடுக்கத்துக்கு முன் கரண்டியைத் தொட்டதில்லை. வீடு இடிந்தவர்களுக்கு அரசாங்கம் மூன்று லட்சம் நேபாள ரூபாயைத் தவணை தவணையாகத் தருகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த தவணை. விதிப்படி கட்டத் தெரிந்த ஆள் போதவில்லை. அதனால் பழைய கொத்தனார்களுக்கு ஏழு நாள் பயிற்சி, புதியவர்களுக்கு வேலை செய்துகொண்டே ஐம்பது நாள். இவர் அந்த ஐம்பது நாளில் சேர்ந்துவிட்டார். ‘பொம்பளை எடுத்த சுவரில் யார் குடியிருப்பான்?’ என்று ஊரில் பேசினார்களாம். அப்படிப் பேசியவர் ஒருவரின் வீட்டையும் இவர்தான் கட்டிக் கொடுத்தாராம்.

வேலையைப் பார்க்க வேண்டுமே! இங்கே பழைய சுவர் என்றால் உள்ளே ஒரு வரிசை கல், வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். ஆட்டம் வந்ததும் இரண்டு வரிசையும் தனித்தனியாக வயிறு தள்ளிப் பிரிந்து விழுந்துவிட்டன. அதனால் தீதி கொஞ்ச தூரத்துக்கு ஒரு கல், சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை ஒரே கல்லாக எட்டுகிற மாதிரி தேடி எடுத்து வைக்கிறார். அடித்தளத்தில், ஜன்னலுக்குக் கீழே, லிண்டல் மட்டத்தில் எல்லாம் நாலு சுவரையும் சுற்றி கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட். மூலையை ஒட்டி ஜன்னல் கூடாது. கூரை தகரம்தான், கனம் இல்லாமல்.

கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி ரிங்கை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார். நம் பக்கம் பல சைட்டில் முனையை வெறும் மூலை மட்டம் மாதிரி மடக்கிவிட்டுப் போவார்களே, அது இங்கே செல்லாது. முனை இன்னும் உள்ளே வளைந்து கான்கிரீட்டின் நடுவைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தில் ரிங் வாய் பிளந்துவிடும். நேற்று எங்கள் பையன்கள் ஆசையாக வளைத்து அடுக்கியதில் பாதியை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. காட்டினார், அவ்வளவுதான். 135 டிகிரி என்று நான் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியது இதைத்தான்.

தூக்குக்குண்டை விட்டு ஒற்றைக் கண்ணால் அவர் பார்க்கிறபோது உங்கள் ஞாபகம்தான். எத்தனை வருஷம் கலவை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்! சுவர் சாய்கிறது என்று கொத்தனாருக்கு முன்னால் நீங்கள் சொல்லி, அவர் முறைத்து, கடைசியில் பிரித்துக் கட்டிய கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கூலி மட்டும் அன்றும் இன்றும் பாதிதான். உங்களுக்குத் தொழில் தெரியாது என்று யார் சொன்னது? கரண்டியை யாரும் கையில் கொடுக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காதது எனக்கு வருத்தம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொங்கலுக்கு வந்துவிடுவேன். கொல்லையில் அரைச் சுவரோடு நிற்கிற குளியலறைக்கு அப்பா கொத்தனார் தேடிக்கொண்டிருப்பார். தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். கரண்டி நீங்கள் பிடியுங்கள், நான் சித்தாள். காரணத்தை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். செங்கல்லும் மணலும் மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்