குரலின் உரிமை

கடந்த ஆண்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்டவை அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பாடிய சோல், ஜாஸ் பாடல்கள். எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே வந்தவை. அவற்றில் மூன்று என்னை விடவே இல்லை.

முதலாவது, அரேதா ஃபிராங்க்ளின் 1967இல் பாடிய 'ரெஸ்பெக்ட்'. அதை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெடிங். அவர் பாட்டில், சம்பாதித்து வீடு திரும்பும் ஆண் தன்னவளிடம் மரியாதை எதிர்பார்க்கிறான். அரேதா பாடும்போது கேட்கிறவள் பெண். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும் பகுதி ஓடிஸ் பாட்டில் கிடையாது; அரேதா சேர்த்தது. சகோதரிகள் எர்மாவும் கரோலினும் பின்னால் குரல் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டுப் பெண்கள் கூடிநின்று கணக்குக் கேட்பதுபோல் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் வானொலி ஒலிபரப்புக்கான உரிமைத்தொகை பாட்டை எழுதியவருக்குத்தான். எத்தனை முறை ஒலித்தாலும் பாடியவருக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது, நீனா சிமோன் தானே எழுதிப் பாடிய 'ஃபோர் விமன்', 1966. நான்கு கறுப்பினப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோலின் நிறத்தையும் தலைமுடியையும் பட்ட பாட்டையும் சொல்லி, கடைசியில்தான் பெயரைச் சொல்கிறார்கள். நான்காவது பெயர் வரும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் வெடிக்கிறது. கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பட்டதைச் சொன்னவள்மீதே பழி.

மூன்றாவதில் சொல்லே இல்லை. மேக்ஸ் ரோச் 1960இல் வெளியிட்ட 'வி இன்சிஸ்ட்!' இசைத்தொகுப்பில் ஏபி லிங்கன் பாடிய 'டிரிப்டிக்'. ரோச்சின் டிரம்ஸும் ஏபியின் குரலும் மட்டும். வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி என்று மூன்று பகுதிகள். நடுப்பகுதியில் ஏபி கத்துகிறார். ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கத்துகிறார். முதல்முறை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுவதும் கேட்க முடிந்தது. அந்தக் கத்தலைத் தாண்டாமல் அமைதிக்குப் போக வழியில்லை.

கவியரங்குகளில் "கொஞ்சம் மென்மையாக வாசியுங்களேன்" என்ற அறிவுரை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. பக்கத்தில் மேசையைத் தட்டி வாசித்த ஆண் கவிஞருக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த அறிவுரையை என் மாணவிகள் இருபது வயதுக்குள்ளேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நல்ல கவிதையை முணுமுணுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இந்த மூன்று பாடல்களையும் அனுப்புகிறேன். ஏபியைக் கடைசியாகக் கேளுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.